மேல்நாட்டுக்குப் போனவன்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கரும்புக் கொல்லைக்கு நடுவில் இருந்த பாப்பாத்தியின் வீட்டில் மாரி வந்து உட்கார்ந்ததிலிருந்து கோடாலிச் சத்தம் ஓயவில்லை. மலையில் பிறந்தவளுக்கு அது புதிய சத்தமில்லை. விறகுக்கு வெட்டுகிறவன் எப்படி ஓங்குவான், உத்தரத்துக்கு வெட்டுகிறவன் எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவான் என்று காதாலேயே சொல்லிவிடுவாள். இது அப்படி இல்லை. பத்துப் பேர் ஒரே மரத்தின் மேல் விழுந்து வெட்டினார்கள். மரம் முறியும், கூச்சல் எழும்பும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. வண்டிச் சத்தம் இல்லாத அந்த வெறுமைதான் அவளுக்குப் புதிது.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த நேரம். படிப்பிலும் உத்தியோகத்திலும் தங்களுக்கென்று தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஜில்லா முழுக்க ஜனங்கள் ரோட்டில் இறங்கியிருந்தார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களெல்லாம் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, பால்காரன்கூட வரவில்லை. பாப்பாத்தியின் புருஷன் கொளஞ்சியப்பனும் கோடாலியோடு போயிருந்தான். எங்கோ சுட்டுவிட்டார்கள், இத்தனை பேர் செத்தார்கள் என்று கொல்லை வரப்பு வழியாகச் செய்தி வரும். வருகிற ஒவ்வொரு வாயிலும் கணக்கு மாறும்.

"எங்க அண்ணன் மவன் பன்னண்டாவது பாஸ் பண்ணிட்டு கரும்பு வெட்டிக்கினு இருக்கான் மாரி," என்றாள் பாப்பாத்தி, கம்பு புடைத்தபடி. "கேக்கறது தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா போன மனுசன் திரும்பி வரணுமே. அதான் எனக்கு."

மாரி வருஷாவருஷம் கடுக்காயும் புளியும் சுமந்து வந்து இறக்குகிற வீடு அது. இந்த முறை அவள் சுமையோடு வரவில்லை. அண்ணனை எதிர்பார்த்து வந்திருந்தாள்.

அண்ணன் மூக்கன் ஓட்டக்காரன். மலைக்கு முதல்முதலாக பஸ் ஏறிய காலத்தில், பஸ் வளைந்து வளைந்து ஏற, இவன் குறுக்குத்தடத்தில் ஓடி அடுத்த வளைவில் அதற்கு முன்னால் போய் நின்று பல்லைக் காட்டுவான். டிரைவர் அதைக் கீழே போய்ச் சொல்ல, கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஒருவர் மலையேறி வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். விழுப்புரத்தில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தான். பாண்டிச்சேரியில் ஒரு கிளப் அவனுக்கு பூட்சும் ஆலையில் வேலையும் கொடுத்தது. அதுவரைக்கும் மலைக்குத் தெரியும். அப்புறம் வருஷக்கணக்காகப் பேச்சு மூச்சு இல்லை.

போன ஆனி மாதம்தான் பேச்சு வந்தது, அதுவும் பஜ்ஜி மடித்த காகிதத்தில். வெள்ளிமலைச் சந்தையிலிருந்து, ஊரில் எழுத்துத் தெரிந்த ராஜாங்கம் வாங்கி வந்த பஜ்ஜியின் எண்ணெய்க்கு அடியில் மூக்கன் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தான். படத்துக்கு மேலே இருந்ததை ராஜாங்கம் எழுத்துக் கூட்டி ஊருக்கே படித்துக் காட்டினான். "மேல்நாட்டுக்கு மாறிய மலை ஓட்டக்காரர்." கீழே இருந்த சேதி கிழிந்து யாருடைய பஜ்ஜியோடோ போய்விட்டது.

படித்ததும் ஊர் அடங்கிப்போனது.

அந்த மலையில் நாடு என்றால் வேறு. இத்தனை ஊர் சேர்ந்தது ஒரு நாடு. மாரியின் ஊர் நெல்லிப்பட்டு கீழ்நாட்டில் இருந்தது. பாறை முகட்டுக்கு அந்தப் பக்கம் மேல்நாடு. மாரி கைக்குழந்தையாக இருந்தபோது மேய்ச்சல் காட்டுக்காக இரண்டு நாட்டுக்கும் வெட்டுக்குத்து நடந்தது. அன்றைக்கு அறுந்ததுதான். பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. முகட்டில் நட்ட எல்லைக்கல்லை இந்த நாட்டு ஆள் தாண்டினால் அவன் வீட்டையே தள்ளி வைத்துவிடுவார்கள். அந்த வீட்டுக்கு யாரும் நெருப்புத் தரமாட்டார்கள். அந்த வீட்டுப் பிணத்தை யாரும் தூக்கமாட்டார்கள்.

மாரியின் அப்பா செல்லமுத்து இளைப்பு முற்றி, படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்த நேரத்தில்தான் ஊர்க்கவுண்டர் ஆதிமூலம் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். மூக்கன் நேரில் வந்து மலைச்சாமி கரிராமன் மேல் கை வைத்து, மேல்நாட்டுக்கு மாறவில்லை என்று சொல்ல வேண்டும், அப்பன் மூச்சு இருக்கும்போதே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாடை தூக்க இந்த நாட்டில் தோள் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அழவில்லை. இளைப்புக்கு நடுவே தங்கை பெயரைச் சொன்னார். "குப்பாயி." மேல்நாட்டில் கட்டிக்கொடுத்த தங்கை. சண்டைக்கு முன்னாலேயே போனவள். அதற்கப்புறம் அவர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஏன் இப்போது அவள் பெயர் வருகிறது என்று மாரிக்குப் புரியவில்லை. சாகப்போகிறவருக்கு எல்லாம் ஞாபகம் வரும்போல என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு பயம். அப்பாவை விறகுக் கட்டை மாதிரி தானே இழுத்துக்கொண்டு போய்ப் புதைக்க வேண்டிவருமோ என்ற பயம். மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று அவள் கண் அடிக்கடி தேடியது.

கொளஞ்சியப்பனைப் பிடித்து பாண்டிச்சேரி கிளப்புக்கு தந்தி அடிக்கச் சொன்னாள். அப்பாவுக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். நாட்டு விவகாரத்தைக் கீழே இருக்கிறவர்களிடம் சொல்கிற வழக்கம் இல்லை. பதில் தந்தி வந்தது, வருகிறேன் என்று. அவன் வருகிற நேரமாகப் பார்த்து ரோடு செத்துப்போனது.

அவன் வந்தது ஒரு விடியற்காலையில். கரும்புச் சோகையை விலக்கிக்கொண்டு ஆள் வருவதைப் பார்த்து பாப்பாத்தி முறத்தோடு எழுந்து நின்றாள். மாரிதான் முதலில் நடையை அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் அதில் ஏதோ கோணல் இருந்தது. இடது காலை ஊன்றும்போது முகம் சுருங்கியது.

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். அங்கிருந்து ரோட்டை விட்டு விலகி, ஏரிக்கரையும் கொல்லையுமாக, தியாகதுருகம் மலைக்கோட்டையை அடையாளம் வைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறான். சதை போட்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. காலில் மாரி பார்த்தே இராத மாதிரி பூட்ஸ். பாப்பாத்தி கூழ் கரைத்துக் கருவாடு சுட்டு வைத்தாள். அவன் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மோந்து பார்த்தான்.

"இன்னா தம்பி, குடிக்கறதா, பூ வெச்சி கும்புடறதா?" என்றாள் பாப்பாத்தி.

அப்போது கொளஞ்சியப்பனும் வந்து சேர்ந்தான். கண் சிவந்து, கை முழுக்கப் புளியம்பட்டைக் கறையோடு இருந்தான். கச்சிராயபாளையம் வரைக்கும் ரோட்டிலேயே போங்கள், மரத்துக்கு மரம் எங்கள் ஆட்கள் இருப்பார்கள், என் பேரைச் சொன்னால் விடுவார்கள் என்றான். கொல்லை வழியாகப் போனால் ஒளிகிறவன் என்று போலீஸ் நினைக்கும். நினைத்துவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள்.

"ஒன்னே ஒன்னு," என்றான். "இன்னா பாத்தாலும், இன்னா சத்தம் கேட்டாலும் ஓடாதீங்க. நேத்து எங்க பக்கத்துல ஒருத்தன் சும்மா கொல்லிக்கு ஒதுங்கப் போனவன். ஜீப்பு சத்தம் கேட்டு ஓடனான். ஓடனவன்தான் மாட்டனான். நின்னவன விட்டுட்டாங்க."

பாப்பாத்தி மூக்கனின் பூட்சைப் பார்த்தாள். "ஓட்டக்காரன்கிட்ட போயி ஓடாதன்றியே," என்றாள். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். ரோடு மாரிக்குத் தெரிந்த ரோடாக இல்லை. எப்போதும் நிழலாக இருக்கும் ரோட்டில் வானம் பொத்தென்று விழுந்து கிடந்தது. வெட்டுப்பட்ட புளியமரங்கள் குறுக்கே கிடக்க, இலையெல்லாம் இன்னும் பசுமையாக, தாங்கள் செத்தது தெரியாதவை போல் காற்றில் ஆடின. ஒரு மரத்தின் கிளையில் காக்கைக் கூடு அப்படியே இருந்தது. தாய்க்காக்கை கம்பிமேல் உட்கார்ந்து, தலைக்கு மேலே இருக்க வேண்டிய கூட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மரத்தடியிலும் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊர், என்ன ஆளுங்க, எங்கே போறீங்க என்று கேட்டார்கள். மாரி கொளஞ்சியப்பன் பேரைச் சொன்னாள், அப்பா சாகக் கிடக்கிறார் என்றாள். சிலர் எழுந்து கிளையை விலக்கி வழிவிட்டார்கள். ஒருவன் தண்ணீர் கொடுத்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் முதுகில் கண்கள் ஒட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடப்பதற்கே அவளுக்கு பலமெல்லாம் போய்விட்டது.

ஆள் இல்லாத ஒரு நீட்டத்தில்தான் கேட்டாள். கேட்காமல் மலையேற முடியாது.

"அண்ணா, ஒன்னு கேக்கறேன். கோவிச்சிக்காத. நீ மேல்நாட்டுக்கா போயிட்ட?"

அவன் தயங்கவே இல்லை. "ஆமா. உனக்கு யாரு சொன்னது?"

இல்லை என்பான் என்று நம்பித்தான் கேட்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஆறு வருசம் ஆவுது."

"அங்க தண்ணி குடிச்சியா?"

அவன் சிரித்துவிட்டான். "நல்லா கேட்ட. சோறு தண்ணி பொண்டாட்டி புள்ள எல்லாம் அங்கதான். பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு எழுதினேனே, வாத்தியாரு சொல்லலியா?"

"அந்த வாத்தியாரு மாத்தலாயி எந்தக் காலமோ ஆச்சி."

அவன் வாய்க்குள் ஏதோ முனகினான். பிறகு பேச ஆரம்பித்தான். பேச ஆளில்லாமல் வெகுநாள் இருந்தவன் போலப் பேசினான். டெல்லியில் எல்லாரையும் முந்தி வந்தும் வெளியூர்ப் போட்டிக்குப் போகிற பேர்களில் தன் பேர் இல்லாமல்போனது. அந்த வெறுப்பில் இருந்தபோது பாண்டிச்சேரியில் மதலேன் என்ற பெண்ணைப் பார்த்தது. அவள் அப்பா பட்டாளத்துக்காரர், அவள் குடும்பத்துக்கே அந்த நாட்டு உரிமை உண்டு, கட்டிக்கொண்டு கூடவே போய்விட்டது. டயர் ஆலையில் வேலை. வேலை முடிந்ததும் ஓட்டம்.

"நம்ம ஊரவிட அங்க குளிரு ஜாஸ்தி மாரி. சேறு கல்லு மாதிரி ஆயிடும். அதும்மேல ஓடணும். மூக்கன்னு கூப்புடத் தெரியாது அவங்களுக்கு. மூக்கான், மூக்கான்னு கத்துவாங்க. அஞ்சி வருசம் ஓடனதுக்கு அப்பறம் ஒரே ஒரு தடவ அந்த நாட்டு பனியன் குடுத்தாங்க. நீலக் கலரு. நடுவுல எங்கியோ வந்தேன். அதுக்கப்பறம் குதிகால் நரம்பு போச்சி. அவ்ளோதான். பனியன் பொட்டியில கெடக்குது."

மாரி ஒவ்வொரு சொல்லையும் முகட்டுக்கு அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். மேல்நாடு உயரம்தானே, குளிர் இருக்கும். டயர் ஆலை எப்போது வந்ததோ. ஆத்தூர்ப் பக்கமாக ரோடு போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. அவளுக்கு ஊரும் பாடையும் அந்த நேரம் மறந்துபோனது. ஆறு வருஷமாக அப்பா இருமிக்கொண்டிருந்தபோது, இவன் ஒரு முகடு தாண்டின தூரத்தில், பெண்டாட்டி பிள்ளையோடு இருந்திருக்கிறான். காற்று அந்தப் பக்கமாக அடித்திருந்தால் இருமல் சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

"ஒரு தடவகூட வரத் தோணலியா உனக்கு?"

"எவ்ளோ தூரம் தெரியுமா?"

"தெரியும்," என்றாள். அதற்குமேல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கச்சிராயபாளையம் நெருங்கும்போது கொல்லையிலிருந்து நாலைந்து பேர் கரும்பை முறித்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் விசில் சத்தம். ஜீப் ஒன்று மரத்தைச் சுற்றிக்கொண்டு வரப்பில் ஏறி இறங்கி உறுமியது. பாய்ந்து வந்தவர்கள் ரோட்டைக் கடந்து எதிர்க் கொல்லையில் புகுந்தார்கள். ஒருவன் செருப்பு மாரியின் காலடியில் வந்து விழுந்தது.

பக்கத்தில் மூக்கனின் உடம்பு எழும்பியது. அவள் அதைத் தொடாமலேயே உணர்ந்தாள். தோள் முன்னால் போயிற்று, குதிகால் தரையை விட்டது. இத்தனை வருஷமாக விசில் சத்தம் கேட்டால் ஓடியே பழகிய உடம்பு. மாரி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அருவா பிடிக்கிற பிடி.

"ஓடாத."

அவன் நாடி அவள் கைக்குள் அடித்தது.

"ஓடாதண்ணா. நில்லு. நின்னுக்கினே இரு."

ஜீப் வந்து நின்றது. இறங்கிய போலீஸ்காரர் வயதானவர். தூக்கம் கெட்டுப்போன முகம். தலையில் கட்டுப் போட்டிருந்தது. பின்னால் இறங்கிய இன்னொருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கொல்லையையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். பயப்படுகிறவன் கையில் இருக்கும் துப்பாக்கி இன்னும் மோசம் என்று அவளுக்குத் தோன்றியது. யாருடா நீ, பூட்சைப் பார்த்தால் இந்தப் பக்கத்து ஆள் மாதிரி இல்லையே, பையில் என்ன என்று கேட்டார்கள். மூக்கன் மற்றக் கையை மெதுவாகப் பைக்குள் விட்டு, தங்க எழுத்துப் போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த நாடுடா நீ?"

மாரி முந்திக்கொண்டாள். மேல்நாடு என்று அவன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. யார் காதிலும் விழக் கூடாது. "கீழ்நாடு சார். கூடப்பொறந்தவரு. நாங்க கீழ்நாடு."

"உன்ன கேக்கல."

"பிரான்ஸ் சார்," என்றான் மூக்கன். "பொறந்தது இந்த மலைதான். இப்ப அந்த நாட்டுப் பிரஜை. ப்ளேன்ல வந்தேன். அப்பாவுக்கு ஒடம்பு முடியல."

அவர் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தார். பிறகு அந்தப் புத்தகத்தை மூடி அதன் மேல் தாளம் போடுவதுபோல் விரலால் தட்டினார். "ரோட்டுல நிக்கிறவன் எல்லாம் எங்கள அந்த லிஸ்ட்ல சேருங்கன்றான். புடிக்கிறவன எல்லாம் நான் இந்த லிஸ்ட்ல எழுதிக்கினு இருக்கேன். உன்ன எதுலய்யா எழுதறது? போ. இருட்டறதுக்குள்ள மலையேறிடு. ஓடாம போ."

ஜீப் போனபிறகும் மாரி அவன் மணிக்கட்டை விடவில்லை. விட்டபோது அங்கே அவள் விரல்கள் பதிந்திருந்தன.

"பிரான்சுன்னா எங்க இருக்குது?"

"வெள்ளக்காரன் ஊரு. கடலுக்கு அந்தாண்ட. ஒரு ராத்திரி பூரா ப்ளேன்ல வரணும். உன் தந்தியகூட கிளப்புக்காரங்கதான் அங்க அனுப்பனாங்க. அதான் தெரியும்னியே. மேல்நாடுன்னியே."

அவள் சாய்ந்து கிடந்த புளியமரத்தின் மேல் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாக மாறியதை அவளால் நிறுத்த முடியவில்லை. அவன் முகட்டுக்கு அந்தப் பக்கம் இல்லை. இருமல் எட்டாத தூரத்தில் இருந்திருக்கிறான். அந்த ஆறுதல் அடங்கிய பிறகுதான் பஜ்ஜிக் காகிதத்தையும், ராஜாங்கத்தையும், ஆதிமூலம் வாசலுக்கு வெளியே நின்று சொன்னதையும் சொன்னாள்.

மூக்கன் கேட்டுக்கொண்டே பூட்சைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தான்.

"சாமி மேல கை வெச்சி மாறலன்னு சொல்லணுமா?"

"மேல்நாட்டுக்கு மாறலன்னு சொல்லிடு. போதும்."

"மாறிட்டனே மாரி."

"அது வேற மேல்நாடு."

"அங்க போயி, இனிமே நான் இந்த ஊரு ஆளு இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். இங்க வந்து அந்த ஊரு ஆளு இல்லன்னு சத்தியம் பண்ணா, அப்பறம் நான் எந்த ஊரு ஆளு?"

மாரிக்குப் பழைய பயம் போன இடத்தில் புதுப் பயம் வந்து உட்கார்ந்தது. இது இன்னும் கனமாக இருந்தது. பொய்யென்றால் ஒரு வார்த்தையில் தாண்டிவிடலாம். இவன் உண்மையைச் சொன்னாலும், நாடு மாறினேன் என்கிற அந்த வார்த்தை ஊர் காதில் விழுந்தால் போதும். மலையேறும் வழியெல்லாம் அவனிடம் கெஞ்சினாள். கோமுகி அணைத் தண்ணீர் கீழே சின்னதாகிக்கொண்டே போனது. அவன் நொண்டிக்கொண்டே முன்னால் நடந்தான். குறுக்குத்தடத்தில் ஏறும்போது மட்டும் அவன் கால் வலியை மறந்து பழைய மாதிரி கல்லைத் தேர்ந்தெடுத்தது.

நெல்லிப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம். சாமைக் கொல்லையில் காவல் இருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். ஆதிமூலம் மேல்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். பின்னால் ஊர் நின்றது. உள்ளே அப்பாவின் மூச்சு விசில்போல் இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் இதை முடி, அப்புறம் உள்ளே போ என்றார்கள். கரிராமன் கோயில் மண்ணை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"கையி வெய்யி," என்றார் ஆதிமூலம். "மேல்நாட்டுக்கு மாறனியா?"

மூக்கன் மண்ணில் கை வைத்தான். மாரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"முகட்டுக்கு அந்தாண்ட இருக்கற மேல்நாட்டுக்கு நான் போனதில்ல. அந்தத் தண்ணி குடிச்சதில்ல. ஆனா நாடு மாறிட்டேன்."

கூட்டத்தில் தேன்கூடு கலைந்ததுபோல் ஒரு சத்தம். ராஜாங்கம் முன்னால் வந்தான். "நான்தான் படிச்சேனே. போட்டோவுல மேல்நாட்டு மொட்டப்பாறகூட பின்னால தெரிஞ்சிச்சே."

"அது பாறயில்ல. கோதும வெச்சிருக்கற கெடங்கு."

"எந்த நாடு அது?" என்றார் ஆதிமூலம்.

"பிரான்சு. கடல் தாண்டி."

ஆதிமூலம் திரும்பிப் பெரியவர்களைப் பார்த்தார். அவருக்கும் பயம் இருப்பதை மாரி அப்போதுதான் கண்டாள். மேல்நாட்டுக்காரர்கள் நம் ஆளை இழுத்துக்கொண்டார்கள் என்று ஆகிவிட்டால் மறுபடி வெட்டுக்குத்து. அதில் போகிற முதல் தலை ஊர்க்கவுண்டர் தலைதான். கேள்விகளை அவர் ஒவ்வொன்றாக, பாறை வழுக்கில் கால் வைப்பதுபோல் வைத்தார். அந்த நாட்டோடு நமக்கு மேய்ச்சல் உண்டா? இல்லை. எல்லை உண்டா? இல்லை. நம் பெண் யாராவது அங்கே போய் அழுதுகொண்டு திரும்பி வந்தாளா? இல்லை. அவர்கள் நம் ஆளை வெட்டினார்களா?

"அவங்களுக்கு நம்ம இருக்கறதே தெரியாது," என்றான் மூக்கன்.

ஆதிமூலம் இறுக்கிக் கட்டிய மேல்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பக இல்லாத நாடு. போனது தப்பில்ல. செல்லமுத்துவுக்கு நாலு தோள் உண்டு. ஆனா நீ இந்த நாட்டு ஆளு இல்லன்னு நீயே சாமி மண்ணுல சொல்லிட்ட. நீ விருந்தாளி. விருந்தாளி தோள் குடுக்கறதில்ல."

மூக்கன் தலையாட்டினான். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிடாமல் அப்படியே உள்ளே போனான்.

அப்பா அவனை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கை அவன் முகத்தைத் தடவியது. "எங்கடா இருந்த?"

"ரொம்ப தூரம்ப்பா."

"மேல்நாட்டுல இல்லியா?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல. ஊருகூட ஒத்துக்கிச்சி."

அவர் முகம் தெளியும் என்று மாரி காத்திருந்தாள். அது சுருங்கியது. கை கீழே விழுந்தது.

"அப்ப குப்பாயியப் பாக்கலியா நீ," என்றார்.

அப்போதுதான் மாரிக்கு விளங்கியது. ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்தபோது, இந்த மனுஷன் மட்டும் படுக்கையில் கிடந்து ஆசைப்பட்டிருக்கிறார். மகன் எல்லை தாண்டியிருந்தால் தங்கையைப் பார்த்திருப்பான். அவள் கையால் சாப்பிட்டிருப்பான். அவளுக்கு நரைத்துவிட்டதா, பல் இருக்கிறதா என்று வந்து சொல்லுவான். தோள் கிடைக்காமல் போகிறேன் என்றுகூட அவர் பயப்படவில்லை.

ராத்திரி முழுக்க மழை. விடிந்தபோது மழையும் நின்றது, மூச்சின் விசிலும் நின்றது.

ஊர் வந்தது. மூங்கில் வெட்டினார்கள், பாடை கட்டினார்கள். நாலு பேர் யார் யார் என்று ஆதிமூலமே கைகாட்டினார். மூக்கன் ஒரு மூலையில், விருந்தாளி நிற்கிற இடத்தில், வெறுங்காலோடு நின்றான். சாவு சொல்ல ஆட்கள் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். கீழ்நாட்டில் எந்த ஊருக்கு யார் போவது என்று பேசிப் பிரித்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருந்த மாரி அந்தப் பேச்சில் காதை வைத்திருந்தாள். எல்லா ஊர் பேரும் வந்தது. ஒரு ஊர் பேர் வராது என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்து ஆதிமூலத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தைக்கு யாரு சொல்றது?"

"பைத்தியமா உனக்கு? கல்லைத் தாண்டி யாரு போவாங்க?"

"கீழ்நாட்டு ஆளு தாண்டக் கூடாது. அவுரு கீழ்நாட்டு ஆளு இல்லன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க."

ஆதிமூலம் மூக்கனைப் பார்த்தார். பிறகு பாடைக்குக் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்துகொண்டார். "விருந்தாளி எங்க போறாரு, எங்க வராருன்னு நான் பாத்துக்கினு இருக்க முடியாது," என்றார் கயிற்றிடம். "மத்தியானத்துக்குள்ள எடுத்துடுவோம். அதுக்குமேல வெக்கமாட்டோம்."

மாரி அண்ணனை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். முகடு ஈரமாக, கறுப்பாக நின்றது. அதன் மேல் எல்லைக்கல் ஒரு பல் அளவுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கீழ்நாட்டிலிருந்து ஓடிவருகிற ஒருவனைப் பார்த்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றும் தெரியாது. வில் வைத்திருப்பார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள். சொல்லிக்கொள்ள அவனுக்கு அங்கே ஒரு பேர்கூடக் கிடையாது, குப்பாயி என்கிற பேரைத் தவிர.

"காலு தாங்குமா?"

"தெரியல," என்றான். அவன் முகத்திலும் பயம் இருந்தது. துப்பாக்கிக்கு முன்னால்கூட இல்லாத பயம்.

நேற்று முழுக்க அவள் நாக்கில் இருந்தது ஒரே வார்த்தைதான். அதை விழுங்கிவிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நேற்றுப் பதிந்த தடம் இன்னும் லேசாக இருந்தது. பிடித்து, விட்டாள்.

"ஓடு," என்றாள்.

முதல் சில அடிகள் நொண்டின. சாமைக் கொல்லையைத் தாண்டியதும் நொண்டல் தெரியவில்லை. பாறையில் ஏறும்போது அவன் சின்னதாகி, பஸ்ஸை முந்தப் போன பழைய பையன் அளவுக்கு ஆனான். கல்லுக்குப் பக்கத்தில் போனதும் ஒரு கணம் நின்றான். மாரியின் மூச்சும் அங்கேயே நின்றது. பின்னால் வாசலில் பறை முழங்கத் தொடங்கியது. அவன் கல்லை ஒரு தடவை தொட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கினான்.

அப்புறம் அவள் காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள்.